திறப்பைப் புதன்கிழமை தருவேன்

அன்பு மகள்,

நெற்றி வீக்கம் வற்றிவிட்டது; மூக்குத்தான் இன்னும் நோகிறது. போன வியாழக்கிழமை மெல்பேர்ண் சிற்றியில் உன்னுடைய வழக்கறிஞரின் அலுவலகத்துக்கு நீ முன்னால் போக, நான் பின்னால் வந்து, கண்ணாடிக் கதவைத் திறந்த வாசல் என்று நம்பி நேராக அதில் போய் மோதினேன். அந்தச் சத்தத்துக்கு அந்த மாடியில் இருந்த அத்தனை தலைகளும் கணினிக்கு மேலே எழும்பின. நாற்பது வருடமாகத் தகடு வெட்டி, வளைத்து, ஒட்டிப் பிழைக்கிற மனிதனுக்கு ஒரு கதவு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தெரியவில்லை. அதைவிட வெட்கம், நாங்கள் உள்ளே இருந்து கதைத்துக்கொண்டிருக்கும்போது வரவேற்பில் நின்ற பெண் ஒரு துணியோடு வந்து, கண்ணாடியில் பதிந்திருந்த என் மூக்கின் அச்சை மெதுவாகத் துடைத்துவிட்டுப் போனதுதான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவ கேட்ட முதல் கேள்வி, "கண்ணாடிக்கு ஒண்டும் நடக்கேல்லையே?"

அன்றைக்கு முழு நேரமும் ஐஸ் பையை நெற்றியில் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அடிபட்ட மயக்கம் என்று நீ நினைத்தாய். வழக்கறிஞர் பாவம், இரண்டு தரம் தண்ணீர் தந்தார். "வீட்டை கொண்டுபோய் வாசிச்சிட்டு கையெழுத்து வைக்கிறன்" என்று மட்டும் சொல்லி, கடதாசியை மடித்துக்கொண்டு வந்தேன். சாதாரணதரப் பரீட்சையோடு புத்தகத்தை மூடியவனுக்கு ஒன்பது பக்கச் சட்ட இங்கிலீஷ் வாசிக்க மூன்று நாள் எடுத்தது. அகராதியும் அம்மாவின் மூக்குக்கண்ணாடியும் துணை. வாசித்துவிட்டேன் மகள். கையெழுத்து வைக்க மாட்டேன்.

இதை நேரில் சொல்லலாம்தான். ஆனால் நீயும் நானும் நேரில் கதைத்தால் எப்படி முடியும் என்று இருவருக்கும் தெரியும். உனக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷுக்கு மாறுவாய். இங்கிலீஷில் யார் எதைக் கேட்டாலும் நான் ஓம் சொல்லிவிடுவேன். இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் அப்படி ஓம் சொல்லி இரண்டு தூசி உறிஞ்சும் மிஷின் வாங்கியவன் நான். ஆகவே எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை ஏற்றி இறக்கிய பெற்றோல் வீண்போகவில்லை என்றால் யாரிடமும் கேட்காமல் நீயே வாசிப்பாய். வருகிற செவ்வாய் கழிந்த பிறகு இதை யார் வாசித்தாலும் எனக்குச் சம்மதம்.

உன் கடதாசி என்ன சொல்கிறது? எங்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேசைகளின் மூலை, ஒட்டுத் தெரியாமல் ஒரே தகடுபோல வளைந்து இறங்கும் அந்த மூலை, அதைச் செய்யும் முறை எங்கள் கொம்பனிக்கு மட்டுமே சொந்தமான இரகசியம் என்கிறது. அப்படியே உண்மை என்று நான் உறுதி சொல்ல வேண்டுமாம். இனிமேல் வெளியார் ஒருவரும் பட்டறைக்குள் வரக்கூடாது. வேலை செய்கிறவர்கள் வெளியே வாய் திறக்கக்கூடாது. நேராகச் சொன்னால், எங்கள் செவ்வாய்க்கிழமை முடிந்தது.

நீ ஏன் இதைச் செய்கிறாய் என்று எனக்கு விளங்காமல் இல்லை. சிட்னியில் நல்ல வேலையை விட்டுவிட்டு, என் கொம்பனியைப் பொறுப்பெடுக்க டண்டினோங்கில் கிரைண்டர் சத்தத்துக்கு நடுவே வந்து நிற்கிறாய். வந்த மூன்றாம் மாதமே பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலைகளின் வேலை எங்களைப் போலவே மேசை செய்கிற செந்திலுக்குப் போய்விட்டது. பிறகு ஒரு நாள் கோப்பி குடிக்கப் போன இடத்தில் செந்தில் செய்த மேசையைக் கண்டு, அதன் மூலையைப் படம் எடுத்து, ஓடிவந்து என் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தாய்.

"அப்பா, பாருங்கோ. இது எங்கட கோர்னர்."

"வடிவா வந்திருக்குது, என்ன" என்றேன்.

"அப்பா! களவெடுத்திட்டார். உங்களுக்கு விளங்கேல்லையா? சிம்பிளா களவெடுத்திட்டார்."

"களவு இல்லைப் பிள்ளை. நான்தான் காட்டினனான்."

அதற்குப் பிறகு நீ இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வழக்கறிஞரின் பெயர் சொன்னாய்.

எங்கள் செவ்வாயின் சட்டம் உனக்குத் தெரியாது. அது எழுதிய சட்டம் இல்லை. யாரும் இன்னொருவருக்குப் புத்தி சொல்ல முதல், அதே மாதிரித் தான் விட்ட பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாதவர் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பேசாமல் நிற்கலாம். நானும் இந்தக் கடிதத்தைக் கண்ணாடிக் கதவில் தொடங்கினேன். சட்டப்படி அது சரி. ஆனால் சின்னப் பிழையைத் தட்டில் வைத்துவிட்டுப் பெரிய பிழையை மேசை லாச்சியில் பூட்டி வைக்கிற தந்திரம் ஒன்று இருக்கிறது. அதில் நான் பழுத்த ஆள். கொஞ்சம் பொறு, லாச்சிக்கும் வருகிறேன்.

செவ்வாய் எப்படித் தொடங்கியது என்று கேள். நீ பள்ளிக்கூடம் போன காலம். தகட்டை வெல்டிங்கில் ஒட்டும்போது சூட்டில் அப்பளம் போல நெளிந்துவிடும். நெளிந்த தகடுகளை உன் கண்ணிலும் அம்மாவின் கண்ணிலும் படாமல் பட்டறைக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய்ப் படங்கின் கீழ் ஒளித்து வைப்பேன். முதலாளிக்கு வேலை தெரியாது என்று முதலாளியின் வீட்டாருக்குத் தெரியக் கூடாது அல்லவா. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்று பட்டறை தள்ளிக் குழாய் வளைக்கிற வியட்நாம்காரர் துவான், வெல்டிங் காஸ் கொஞ்சம் கேட்டு வந்தார். நான் பின்னால் படங்கை இழுத்து மூடிக்கொண்டு நிற்கிறேன். அவர் படங்கைத் தூக்கிப் பார்த்தார். சிரித்தார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தன் பட்டறைக்குப் பின்னால் காட்டினார். அங்கே என்னுடையதைவிடப் பெரிய குவியல், அதற்கும் நீலப் படங்கு. அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒரே வகுப்பில் பெயிலானவை. ஆனாலும் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் நின்று கதைத்தோம். அன்றைக்குத்தான் ஒட்டுக்குப் பின்னால் ஒரு செம்புக் கட்டையை வைத்தால் அது சூட்டை இழுத்துக்கொள்ளும், தகடு நெளியாது என்று துவான் காட்டினார். அவருக்கு அதைக் காட்டியவர் அவர் முன்பு வேலை செய்த இடத்தில் இருந்த ஒரு இத்தாலியக் கிழவர்.

மகள், அந்தச் செம்புக் கட்டைதான் உன்னுடைய இரகசியம். அதற்குள்ளே துளை போட்டுத் தண்ணீர் ஓடவிட்டது நான். பதினொரு தகடு பழுதாக்கிய பிறகு வந்த ஞானம். கட்டையைச் சின்னதாக வெட்டி, மூலைக்குப் பொருந்த வளைத்து, கைபிடி போட்டது செந்தில். போன வருடம் அவர் அதைக் கொண்டுவந்து காட்ட, நான் அடுத்த நாளே அதே மாதிரி மூன்று செய்தேன். இன்றைக்கு எங்கள் பட்டறையில் நீ காண்பது அந்த மூன்றும்தான். இதில் எது எனக்குச் சொந்தம்? துளை மட்டும் சொந்தம். துளைக்கு வழக்கறிஞர் வைக்கலாமா என்று கேட்டுப் பார்.

அதன் பிறகு ஆறு பட்டறையாகினோம். குளிர் அறைக் கதவு செய்கிறவர், பவுடர் பெயின்ற் அடிக்கிறவர், அலுமாரி செய்கிறவர் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். மாதத்தின் முதல் செவ்வாய், காலை ஆறரைக்கு, ஒவ்வொரு தரமும் ஒருவரின் பட்டறை. அந்தப் பட்டறைக்காரர் அந்த மாதம் பழுதாய்ப்போன சாமான் ஒன்றைக் கேக் தட்டில் வைத்து நடு மேசையில் வைக்க வேண்டும். நல்லாய் வந்த வேலையைக் காட்டினால் நக்கலடித்தே கொன்றுவிடுவார்கள். ஒருமுறை அரசாங்கத் திட்டம் ஒன்றிலிருந்து ஒரு பிள்ளை வந்து, நிறநிறமான ஒட்டுக் கடதாசிகளோடு நின்று, இது கொம்பனிகள் கூடிக் கற்கும் வலையமைப்பு, மிகப் பெரிய விஷயம், இதன் கட்டமைப்பு என்ன என்று கேட்டாள். துவான் யோசித்துவிட்டு அவளிடம் பிஸ்கற் ரின்னை நீட்டினார்.

செந்தில் வந்தது அவருடைய கெட்டித்தனத்தால் இல்லை, என்னுடைய மண்டைக் கனத்தால். ஒரு முதியோர் இல்லத்துக்கு நான் செய்து கொடுத்த மேசைகளில் இரண்டே மாதத்தில் பழுப்புப் புள்ளி. எங்கள் வாயில் கறள், செந்தில் வாயில் துரு. எந்தப் பெயரில் வந்தாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வரக்கூடாதது. நான் தகடு விற்றவனைத் திட்டினேன், கழுவுகிறவர்களைத் திட்டினேன், மெல்பேர்ண் தண்ணியையும் திட்டினேன். துவான்தான் சொன்னார், பொயின்ற் குக்கில் உன் பாஷை கதைக்கிற ஒருவர் இதே வேலை செய்கிறார், கூப்பிடு என்று. போட்டிக்காரனைக் கூப்பிட்டு என் வெட்கத்தைக் காட்டுவதா? இரண்டு மாதம் மறுத்தேன். புள்ளிகள் மறுக்கவில்லை, பெருகின. கூப்பிட்டேன்.

செந்தில் கோயம்புத்தூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். வந்து மேசையைத் தடவிப் பார்த்தார். சட்டம் என்ன என்று துவான் சொன்னதும், ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் தொடங்கினார். "எனக்கு ஊர்ல இதே மாதிரி ஒரு ஹோட்டல் மேசைங்க. பூராம் துரு. எங்க முதலாளி என்னைய ஒரு வாரம் கையாலயே தேய்க்க வெச்சாரு. அந்தத் தெருவே வந்து வேடிக்கை பாத்துச்சு." எல்லோரும் சிரித்தோம். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, மூலையில் நின்ற இரும்புக் கேற்றைக் காட்டி, "ஏனுங்கண்ணா, அந்தக் கேட்ட எங்க வெச்சு அரைக்கிறீங்க?" என்றார்.

"உதிலதான்."

"அந்தப் பொறி பூராம் எங்க போய் உக்காருதுன்னு பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. சாதாரண இரும்பை அரைத்த பொறி பறந்து போய் ஸ்டெயின்லெஸ் தகட்டில் ஒட்டியிருக்கிறது. அதே அரைக்கும் தட்டால் இரண்டையும் அரைத்திருக்கிறேன். கறள் மேசையில் இல்லை, என் பழக்கத்தில் இருந்தது. அன்றைக்கே நடுவில் ஒரு சுவர் எழுப்பினேன். நீ பட்டறைக்கு வந்த முதல் நாள், "ஏன் அப்பா இந்த அசிங்கமான சுவர்?" என்று கேட்டாயே, அதுதான் இது. அந்தச் சுவர் இல்லாவிட்டால் நீ பொறுப்பெடுக்க ஒரு கொம்பனி இருந்திருக்காது.

நீ சொல்வாய், சரி அப்பா, அவர் தந்தார், நீங்களும் தந்தீர்கள், கணக்குத் தீர்ந்தது, இனிக் கதவைச் சாத்துவோம் என்று. செவ்வாய் இல்லாவிட்டால் பள்ளிக்கூட வேலை எங்களுக்குக் கிடைத்திருக்கும் என்றும் சொல்வாய். கிடைத்திருக்கலாம். நான் மறுக்கவில்லை. இழந்தேன். இன்னும் இழப்பேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். சிட்னியில் பெரிய பெரிய கொம்பனிகளைக் கூட்டிவைத்து இதையேதானே நீ செய்தாய்? ஒரு முறை போனில் அலுத்துக்கொண்டாய்: "எல்லாரும் வெற்றிக் கதை மட்டும் கொண்டு வாறினம் அப்பா. ஒருத்தருக்கும் ஒண்டும் பிழைக்கேல்லையாம். சாப்பிட்டிட்டுப் போயினம், ஒருத்தரும் ஒண்டும் படிக்கேல்லை." அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை உனக்குச் சொல்லவில்லை. என் பிள்ளை இவ்வளவு படித்துக் கண்டுபிடித்ததை நாங்கள் ஆறு பேர் ஒரு கேக் தட்டால் கண்டுபிடித்திருந்தோம். இப்போது நீயே வந்து அந்தத் தட்டை எடுத்து அலுமாரியில் வைக்கச் சொல்கிறாய். வைக்க மாட்டேன்.

இனி லாச்சி.

ஆறு வருடத்துக்கு முன்னால், மேசைக் காலின் அடியில் மட்டம் பார்க்கத் திருகி உயர்த்துகிற குமிழ்களைப் புதிய இடமொன்றில் வாங்கினேன். ஒரு நாள் மேசையை இழுத்து நகர்த்தும்போது ஒரு குமிழ் சட்டென்று வெடித்து உடைந்தது. ஆளுக்குச் சேதமில்லை. உடைந்த வாயைப் பார்த்தேன்; வார்த்த உலோகத்துக்குள்ளே காற்றுப் பொந்து. எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் பழையதையே போட்டேன். உடைந்ததை மட்டும் லாச்சியில் வைத்தேன். அடுத்த செவ்வாய் என் முறை; தட்டில் வைக்க வேண்டிய சாமான் அதுதான். ஆனால் அந்த மாதம் உணவகக் குழுமம் ஒன்றின் வேலைக்குச் செந்திலும் நானும் ஒருவரோடொருவர் போட்டி. அதே குமிழ்ப் பெட்டியை அவருடைய பட்டறையிலும் என் கண்ணால் கண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது அவற்ற பாடு என்று இருந்துவிட்டேன். செவ்வாய்க்கு ஒரு கோணல் வெட்டுத் தகட்டைத் தட்டில் வைத்தேன்.

என் குமிழ் உடைந்து மூன்று கிழமையில் செந்திலின் பட்டறையில் லொறிக்கு ஏற்றும்போது குமிழ் உடைந்து, மேசை சரிந்து அவருடைய காலில் விழுந்தது. இரண்டு விரல் முறிந்தது. அடுத்த செவ்வாய் துவானின் முறை; செந்தில் வரத் தேவையே இல்லை. ஊன்றுகோலோடு வந்தார். உடைந்த குமிழைத் தட்டில் வைத்தார். "எல்லாரும் ஒருக்கா உங்க ஸ்டாக்கப் பாத்துருங்க. எனக்கு ஆனது ஆச்சு, உங்களுக்கு ஆகக்கூடாது" என்றார். வழமைபோல ஒவ்வொருவராக இதே மாதிரித் தங்கள் பிழையைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தது. தள்ளுவண்டியின் சில்லு ஒன்று கழன்று ஓடிய பகிடிக் கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். செந்தில்தான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தார்.

போன மாதம் அம்மாவோடு த பேசின் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். செந்திலும் குடும்பத்தோடு வந்திருந்தார். குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நிற்கும்போது அந்தக் காலை அடிக்கடி தூக்கித் தூக்கி வைத்தார். "குளிர் வந்தா இது கொஞ்சம் பேசுமுங்கண்ணா" என்று சிரித்தார். சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போனேன். போய், "இந்த முறை குளிர் கூட, என்ன" என்றேன்.

விளங்குகிறதா மகள், நான் ஏன் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று? "இந்தச் செய்முறை கொம்பனிக்கு வெளியே யாருக்காவது தெரியுமா?" என்று வழக்கறிஞர் கேட்டபோது எனக்குள் விழித்தது மூலை இல்லை, குமிழ். நீ கேட்பது புதிதாக ஒன்றும் இல்லை. நான் ஒரு முறை செய்ததை எல்லா மாதமும் செய்யச் சொல்கிறாய், அதுவும் சட்டப்படி, பட்டறையில் என் பிள்ளைகள் மாதிரி இருக்கிறவர்களையும் சேர்த்து. நான் ஒரு தரம் வாயை மூடியதற்கு ஒரு மனிதனின் கால் இன்னும் பதில் சொல்கிறது. ஒன்பது பக்கம் என்ன, தொண்ணூறு பக்கம் கொண்டுவா.

வருகிற திங்கட்கிழமை தொடக்கம் கொம்பனி உன்னுடையது. பெயரும் லொறியும் மிஷின்களும் அசிங்கமான சுவரும் உன்னுடையவை. பட்டறை ஷட்டர்ப் பூட்டின் திறப்பை மட்டும் புதன்கிழமை தருவேன். செவ்வாய் எங்கள் முறை. நீ எல்லோருக்கும் 'இனி வரவேண்டாம்' என்று மெசேஜ் போட்டாய். அதற்குக் கீழே நான் 'வாங்கோ' என்று போட்டேன். துவான் பெருவிரலைக் காட்டினார். செந்தில் போன் எடுத்து, "ஏனுங்கண்ணா, வர்றதா வேண்டாமா? அப்பாவும் மகளும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்றார். வரச் சொன்னேன். புதன்கிழமை நீ பூட்டையே மாற்றினாலும் நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு செவ்வாய், ஆறரைக்கு, வந்து பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு மாற்று. தேத்தண்ணி நான் போடுகிறேன். தட்டில் என்ன இருக்கும் என்று உனக்கு மட்டும் முன்கூட்டியே தெரியும்.

லாச்சியைத் திறந்து அதை வெளியே எடுத்து வைத்துவிட்டேன். ஆறு வருடத்தில் உடைந்த வாய் கொஞ்சம் கறுத்திருக்கிறது, வேறு மாற்றமில்லை. அன்றைக்கு துவானின் பட்டறையில் என் முறை வந்தபோது, சில்லுக் கதைக்கு முதல், வாய்வரை வந்து திரும்பிப் போன வசனமும் அப்படியேதான் இருக்கிறது:

"எனக்கும் உடைஞ்சது தம்பி. உமக்கு மூண்டு கிழமைக்கு முதலே. தெரிஞ்சும் நான் சொல்லேல்லை."